பின்னணியைச் சொல்லுங்கள்

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்வந்த நம் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ஒரு கேள்வியை எல்லோரும் மறக்காமல் சொல்வார்கள். "உங்கள் குடும்பப் பின்னணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்." ஜாவாவைப் பற்றியும் டேட்டாபேஸைப் பற்றியும் கேட்டபோது தடுமாறாத பிள்ளைக்கு, இந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அப்பாவுக்குக் கூலி வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை, வீடு காலனியில். இதில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது? "விவசாயக் குடும்பம் சார்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த கேள்வி, "எத்தனை ஏக்கர்?" என்று வரும்.

இதை நம் பிள்ளைகளின் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. சமூகவியல் அறிஞர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லியில் உள்ள பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சந்தித்துப் பேசி, 2007-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமையைத்தான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், ஆள் எடுக்கும்போது குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன வேலை, வீட்டில் யார் யார் படித்தவர்கள், எந்த ஊர் என்றெல்லாம் விசாரிப்பார்களாம். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியை விசாரிக்க நம் நாட்டில் இந்த மூன்று கேள்விகள் போதும்.

சரி, அவர்கள் நம் பின்னணியைக் கேட்கட்டும். நாமும் ஒருமுறை அவர்கள் பின்னணியைக் கேட்போம். கிராமத்துக் கல்லூரி வரை பெயர் தெரிந்த ஒரு நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். நம் மாணவர்கள் 'சி.டி.எஸ்.' என்று கூப்பிடும் காக்னிசன்ட். அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட அமெரிக்கக் கம்பெனி அது. பிறந்த ஊர் சென்னை.

அதற்கு முன் அதன் பாட்டன் கதையைச் சொல்ல வேண்டும். 1841-ல் நியூயார்க்கில் லூயிஸ் டாப்பன் என்ற வணிகர் ஒரு புதுத் தொழிலைத் தொடங்கினார். 1837-ல் வந்த பண நெருக்கடியில் அவர் குடும்பக் கடை கடன் வசூலாகாமல் நொடித்துப்போனது. கடன் கொடுக்கும் முன்பே, கேட்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்துச் சொல்ல ஆள் இருந்தால் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. ஊருக்கு ஊர் ஆள் வைத்தார். பெரும்பாலும் உள்ளூர் வக்கீல்கள். இன்ன கடைக்காரர் நாணயமானவரா, குடிப்பாரா, சொத்து எவ்வளவு, மனைவி வழியில் வந்தது என்ன என்று அவர்கள் எழுதி அனுப்புவார்கள். அது பெரிய பேரேட்டில் ஏறும். ஜனாதிபதி ஆவதற்கு முன் வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கனும் இப்படி எழுதி அனுப்பியவர்களில் ஒருவர். அந்தப் பேரேடுகளில் 2,500-க்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படித்த வரலாற்றாசிரியர்கள், ஒருவர் யூதர் என்றால் அதையும், கறுப்பர் என்றால் அதையும் குறித்து வைத்திருப்பதைக் கண்டார்கள். யூதர் என்று எழுதிய இடத்தில் எச்சரிக்கை தொனிக்கும் வார்த்தைகளும் சேர்ந்தே வந்தன.

வேடிக்கை என்னவென்றால், டாப்பன் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஆமிஸ்டாட் என்ற கப்பலில் அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டுக் கலகம் செய்து விடுதலைக்குப் போராடிய ஆப்பிரிக்கர்களின் வழக்கை முன்னின்று நடத்தியவர், அதற்கு நிதி திரட்டியவர். அவர் நல்ல மனிதர்தான். அவர் தொடங்கிய பேரேடு மட்டும், எழுதிய உள்ளூர்க்காரர்களின் மனதில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டது. தலைவர் நல்லவர் என்பதால் அமைப்பு நல்லதாகிவிடாது என்பது கட்சிகளில் இருந்து பார்த்த நமக்குப் புதிதல்ல.

அந்தத் தொழில் கைமாறி, 1933-ல் போட்டி நிறுவனத்தோடு இணைந்து, டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்று ஆனது. உலகம் முழுவதும் கம்பெனிகளின் நாணயத்தை மதிப்பிட்டு விற்பதே அதன் பிழைப்பு. பேரேடு போய்க் கணினி வந்ததும், கணினி வேலைக்கு மலிவாகவும் நல்லதாகவும் ஆள் தேவைப்பட்டது. 1994-ல் அது சென்னைக்கு வந்தது. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தோடு சேர்ந்து, டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் சத்யம் சாஃப்ட்வேர் என்ற பெயரில் ஒரு கூட்டுக் கம்பெனியைத் தொடங்கியது. அதை உருவாக்கிய குமார் மகாதேவா இலங்கையில் பிறந்தவர். சில ஆண்டுகளில் சத்யத்தின் பங்கை அமெரிக்கர்கள் வாங்கிக்கொண்டார்கள். அதே சத்யம்தான் பிறகு, 2009 ஜனவரியில், அதன் தலைவரே பல ஆயிரம் கோடி ரூபாய்க் கணக்கு பொய் என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டு கவிழ்ந்த கம்பெனி. அது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

பெயர் காக்னிசன்ட் என்று மாறியது. தலைமையகம் அமெரிக்காவின் நியூஜெர்சிக்குப் போனது. 1998 ஜூனில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பங்குகள் விற்பனைக்கு வந்தன. அப்போது திரட்டிய பணம் சுமார் 3.4 கோடி டாலர். 2024-ல் அதன் ஓராண்டு வருவாய் சுமார் 1,970 கோடி டாலர். ஊழியர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் இந்தியாவில் வேலை செய்கிறார்கள். வருவாயில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வட அமெரிக்காவில் இருந்து வருகிறது. வேலை இங்கே, பில் அங்கே. ஐ.டி. சேவைத் தொழிலின் ரகசியம் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிடுகிறது.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் என்ன என்று கிராமத்து வாசகர்கள் கேட்கலாம். கம்பெனியைக் கோடிக்கணக்கான சிறு துண்டுகளாக்கி, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று சந்தையில் வைப்பது. வாங்கியவர் அந்த அளவுக்கு முதலாளி. அதற்குப் பதிலாக, கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் வரவு செலவை ஊரறியச் சொல்ல வேண்டும். வழக்கு இருந்தால் சொல்ல வேண்டும், தலைவருக்கு என்ன சம்பளம் என்றும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்டதை ஆங்கிலத்தில் 'பப்ளிக் கம்பெனி' என்கிறார்கள், அதாவது பொதுக் கம்பெனி. 'பொது' என்ற சொல்லோடு நமக்கு உள்ள உறவு பழையது. பொதுக்கிணறு, பொதுச் சுடுகாடு, ஊர்ப் பொதுக்கோயில் என்று எழுதியிருக்கும். உள்ளே போனால்தான் தெரியும், அந்தப் பொதுவில் நாம் சேர்த்தியா இல்லையா என்று.

இந்தப் பொதுக் கம்பெனியில் நம் பங்கு என்ன? பங்குப் பத்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் போட்ட முதலில் நம் பணமும் இருக்கிறது. காக்னிசன்ட் வந்தபோது வெறும் மண்ணில் வந்து இறங்கவில்லை. 1991-லேயே மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பைத் தொடங்கி, ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்குச் செயற்கைக்கோள் இணைப்பும் சுங்க வரிச் சலுகையும் கொடுத்தது. அப்படிப்பட்ட கம்பெனிகளின் ஏற்றுமதி லாபத்துக்கு 2011 மார்ச் வரை வருமான வரிச் சலுகை இருந்தது. அதன்பின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகை. தமிழக அரசின் டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டிய டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகி ஆறு வழியாக அகலமானது. சிறுசேரியில் சிப்காட் நிலம் எடுத்துக் கொடுத்தது.

வேலைக்கு வந்த பொறியாளர்களும் வானத்தில் இருந்து குதித்தவர்கள் அல்லர். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியும், 1959-ல் வந்த சென்னை ஐ.ஐ.டி.யும் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஐ.ஐ.டி.க்களில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு வந்தது 1973-ல். முதல் ஐ.ஐ.டி. 1951-ல் தொடங்கியது. அந்த 22 ஆண்டுகளில் உள்ளே போய், வெளியே வந்து, அமெரிக்கா சென்று வேர் பிடித்தவர்கள் யார் என்பதை அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்து எழுதிய நூல் விரிவாகச் சொல்கிறது. அவர்களில் முதலில் போனவர் அடுத்தவருக்கு வழி சொன்னார். ஐ.டி. தொழில் தொடங்கியபோது ஏணி ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது, அதன் முதல் படியில் நமக்கு இடம் இல்லை.

ஆனால் வேறொரு இடத்தில் நமக்கு இடம் ஒதுக்கினார்கள். காக்னிசன்ட் பல ஆண்டுகள் தன் சென்னைத் தலைமை அலுவலகத்தை வைத்திருந்தது ஒக்கியம் துரைப்பாக்கத்தில். அதே துரைப்பாக்கத்தில்தான் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் கூவம் கரையில் இருந்தும் நகரின் மற்ற குடிசைப் பகுதிகளில் இருந்தும் பெயர்த்தெடுத்த மக்களைக் கொண்டு வந்து கொட்டிய இடம். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். இந்த மூன்று இடங்களிலும் பெரும்பகுதி தலித் மக்கள். பாரிமுனையிலும் மயிலாப்பூரிலும் இருந்த பிழைப்பு போனது. கிடைத்த புதுப் பிழைப்பு, சாலைக்கு எதிர்ப்புறம் கண்ணாடிக் கட்டடங்களில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. அதுவும் கம்பெனியில் இல்லை, கான்ட்ராக்டரிடம். கம்பெனியின் ஊழியர் எண்ணிக்கையில் அவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் சம்பளம் 'பராமரிப்புச் செலவு' என்ற தலைப்பில் போய்விடும்.

கண்ணகி நகர்ப் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதத் தயங்குவதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. துரைப்பாக்கம் என்று மட்டும் போடுவார்கள். ஒரே பின்கோடில் இருக்கும் கம்பெனிக்கு அந்த முகவரி பெருமை, பையனுக்கு அது மறைக்க வேண்டிய பின்னணி.

இன்னொன்றையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். இந்தச் சாலையின் பெரும்பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. பறையர் மக்கள் நிலமின்றிப் படும் பாட்டை விவரித்து அரசுக்கு அறிக்கை கொடுத்த ட்ரெமென்ஹீர் அந்த மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்தவர்தான். அதன் பேரில் 1892-ல் வந்த உத்தரவுதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். நமக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று முதலில் எழுதப்பட்ட அதே மாவட்டத்தில்தான், நூறாண்டு கழித்து ஐ.டி. பூங்காக்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கிடைத்தது. நமக்கோ மூன்று சென்ட் மனைப்பட்டாவுக்கு மனு மேல் மனு.

பட்டாவுக்கு நாம் தாலுகா அலுவலகம் அலைவதைப் போல, கட்டட அனுமதிக்குக் கம்பெனிகளும் அலைய வேண்டியிருக்கிறது போலும். சென்னையில் காக்னிசன்ட் கட்டிய ஒரு பெரிய வளாகத்தின் அனுமதிக்காக, 2014-ல் தமிழக அரசின் உயர் அதிகாரி ஒருவர் 20 லட்சம் டாலர் லஞ்சம் கேட்டார் என்றும், கம்பெனியின் உயர் நிர்வாகிகள் இருவர் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்றும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2019-ல் குற்றம் சாட்டியது. விஷயத்தை அமெரிக்க அரசிடம் முதலில் தெரிவித்தது கம்பெனியேதான். குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும் சுமார் 2.5 கோடி டாலர் கட்டித் தன்மீதான புகாரை முடித்துக்கொண்டது. அந்த நிர்வாகிகள் இருவர் மீதான குற்ற வழக்கை அமெரிக்க அரசு 2025-ல் கைவிட்டது. சென்னையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட காரியத்துக்கு அபராதம் போனது அமெரிக்கக் கருவூலத்துக்கு. நமக்கு மிஞ்சியது செய்தி.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் 100 பேருக்கு மேல் வேலை செய்யும் எந்தத் தனியார் கம்பெனியும், ஆண்டுதோறும் ஒரு படிவத்தை அரசுக்குக் கொடுக்க வேண்டும். சம வேலைவாய்ப்பு ஆணையம் என்ற அரசு அமைப்பு அதை வாங்கிக்கொள்கிறது. கறுப்பர் எத்தனை பேர், வெள்ளையர் எத்தனை பேர், ஆசியர், லத்தீன் அமெரிக்க வழியினர், பழங்குடியினர் எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. மொத்தக் கணக்கோடு விடுவதில்லை. மேல்மட்ட நிர்வாகி, நடுமட்ட நிர்வாகி, தொழில்நுட்பர், எழுத்தர், துப்புரவு முதலான சேவைப் பணியாளர் என்று படிப்படியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் காலத்துப் போராட்டங்களின் பயனாக 1964-ல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தின் கீழ், 1966 முதல் இந்தக் கணக்கு எடுக்கப்படுகிறது. அரசு ஒப்பந்தம் பெறும் கம்பெனிகள் கறுப்பர் முதலானோரை வேலைக்குச் சேர்க்கத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற 1965-ஆம் ஆண்டு ஆணையை ட்ரம்ப் 2025 ஜனவரியில் ரத்து செய்தார். அதே ஆண்டிலும் இந்தக் கணக்கு சேகரிக்கப்பட்டது.

அமெரிக்காவில் தொழில் செய்யும் காக்னிசன்டுக்கும், டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நம் நாட்டுக் கம்பெனிகளின் அமெரிக்கக் கிளைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அங்கே யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ணத் தெரிந்த அதே கம்பெனிகள், சென்னையிலும் பெங்களூருவிலும் எண்ணுவதில்லை. எண்ணச் சொல்லி இங்கே சட்டம் இல்லை, அவ்வளவுதான். இந்தியப் பங்குச்சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் செபிக்கு ஒரு பொறுப்பறிக்கை கொடுக்கின்றன. அதில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். நல்ல விஷயம். பட்டியல் சாதி ஊழியர் எத்தனை பேர் என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

எண்ணிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் காக்னிசன்டே சாட்சி. இந்தியர் அல்லாத ஊழியர்களை ஒதுக்கி வேலையை விட்டு அனுப்புகிறது என்று அதன் முன்னாள் ஊழியர்கள் 2017-ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் ஜூரிகள், கம்பெனி திட்டமிட்டே பாகுபாடு காட்டியது என்று முடிவு சொன்னார்கள். கம்பெனி இதை மறுத்தது, மேல்முறையீடு செய்வதாகவும் கூறியது. அந்த வழக்கின் சரி தவறு அங்கே முடிவாகட்டும். ஆனால் இத்தகைய வழக்கை நடத்தவே, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், அவர்கள் எந்த இனத்தவர் என்ற கணக்கு வேண்டும். அங்கே இருந்தது. ஒரு தலித் பொறியாளர் சென்னையில் இப்படி ஒரு வழக்குப் போட நினைத்தால் எந்தக் கணக்கை நீதிபதி முன் வைப்பார்?

அந்த வழக்கில் இந்தியர் என்றால் ஒரே கூட்டம். அமெரிக்கப் படிவத்திலும் அப்படித்தான். மயிலாப்பூர் அக்கிரகாரத்துப் பிள்ளையும் மதுராந்தகம் காலனிப் பிள்ளையும் அங்கே 'ஆசியர்'. இந்த ஒற்றைச் சொல்லுக்குள் சாதி ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிபோர்னியா மாநில அரசே 2020-ல் வழக்குப் போட்ட பிறகுதான் அந்த நாட்டுக்காரர்களுக்கு இது கொஞ்சம் புரிந்தது. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய அதே போன்ற மசோதாவை ஆளுநர் அந்த ஆண்டு அக்டோபரில் திருப்பி அனுப்பிவிட்டார்.

"சாதியை எண்ணினால் சாதி வளரும், நாங்கள் திறமையை மட்டும் பார்க்கிறோம்" என்று பதில் வரும். இது புதிதல்ல. 2006-ல் தனியார் துறையில் இடஒதுக்கீடு பற்றி மத்திய அரசு பேச்செடுத்தபோது, தொழில் அமைப்புகளான சி.ஐ.ஐ.யும் அசோசெமும் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழு அமைத்தன. சட்டம் வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுச் செய்கிறோம் என்றது குழு. பயிற்சி, உதவித்தொகை என்று சில கம்பெனிகள் சிலவற்றைச் செய்யவும் செய்தன. அவற்றால் பயன்பட்ட பிள்ளைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் விருப்பத்துக்கு விட்டதில் என்ன நடந்தது என்று அளந்து பார்க்க, கம்பெனி வாரியாக ஒரு கணக்கு கூட நம்மிடம் இல்லை.

திறமையை மட்டும் பார்க்கிறார்களா என்பதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும், பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்துத் தனியார் கம்பெனிகளுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். விளம்பரங்கள் 548. ஒரே மாதிரியான படிப்பு, தகுதி. பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். தலித் பெயருக்கு அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. 2007-ல் வந்த ஆய்வு இது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அந்த வகையில் நம் பிள்ளைகள் முதல் வடிகட்டலில் தப்பிக்கிறார்கள். நேர்முகத்தில்தான் "எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார்?" காத்திருக்கிறது.

அதற்கும் முன்னால் இன்னொரு வடிகட்டி உண்டு. பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் டிகிரியிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்பது பல கம்பெனிகள் வைக்கும் நிபந்தனை. ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லாத ஒரு வருடம், கல்லூரியில் நான்கு வருடம் கழித்து ஒரு கட்டத்தில் 58 என்று வந்து நிற்கும். அந்த 2 மதிப்பெண்ணைத் திறமை என்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் காக்னிசன்டின் ஒரு வேலை விளம்பரத்தை வைத்துச் சமூக வலைதளங்களில் பெரிய கேலி நடந்தது. ஆண்டுச் சம்பளம் 2.52 லட்சம் ரூபாய், இதற்கு யார் போவார் என்று. அது மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கானது, பொறியாளர்களுக்கு 4 லட்சம் முதல் 12 லட்சம் வரை என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. கேலி செய்தவர்களுக்கு மாதம் 21,000 ரூபாய் வாடகைக்கே போதாமல் இருக்கலாம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., பி.சி.ஏ. படித்த நம் பிள்ளைகளுக்கு அது வீட்டில் முதல் மாதச் சம்பளம், அப்பாவின் கடனில் ஒரு தவணை. என் கவலை வேறு. ஒரே கம்பெனிக்குள் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. 2.52 லட்சம் வாசல் வழியாக யார் போகிறார்கள், 12 லட்சம் வாசல் வழியாக யார் போகிறார்கள், முதல் வாசலில் போனவர் பத்து வருடம் கழித்து எந்த மாடியில் இருக்கிறார்? கணக்கு எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். கம்பெனியில் 20 பேர் இருந்தாலும், அவர்கள் எல்லோரும் கீழ்மாடியில் இருந்தால் அது வேறு கதை. அதிலும் அருந்ததியர் எத்தனை பேர் என்று தனியாக எண்ண வேண்டும். நமக்குள்ளே யார் பின்தங்குகிறார்கள் என்று பார்க்க நாம் தயங்கினால், கம்பெனியைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஐ.டி. வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் தங்கள் சாதியைச் சொல்லாமல்தான் வாழ்கிறார்கள். டீம் லஞ்சுக்குப் போகும்போது, வாடகை வீடு தேடும்போது, அந்த மறைப்புதான் அவர்களுக்குக் குடை. மேலதிகாரியின் கணினியில் பெயருக்கு நேரே சாதி என்று ஒரு பத்தி வருவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள், நியாயமும் அதுதான். அமெரிக்கக் கணக்கிலும் முதலில் ஊழியர் தானாகச் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அரசுக்குப் போவது எண்ணிக்கை, பெயர்ப் பட்டியல் போவதில்லை. அந்த முறையையே இங்கும் கேட்கலாம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது. வீடு வீடாகச் சாதி கேட்கப் போகும் அரசு, கம்பெனி வாசலில் மட்டும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இடஒதுக்கீட்டுச் சட்டம் வர நாளாகும். அதற்கு அரசியல் சட்டத் திருத்தம், வழக்கு என்று நெடுந்தூரம் போக வேண்டும். கணக்குக் கேட்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். தமிழக அரசு கம்பெனிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறது. நிலம், மின்சாரம், முத்திரைத்தாள் கட்டணம் என்று சலுகை தருகிறது. சலுகை வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு மட்டத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும் என ஒரு வரியைச் சேர்க்கலாம். கான்ட்ராக்டர் மூலம் வரும் ஹவுஸ்கீப்பிங் தொழிலாளர்களையும் அதே அட்டவணையில் காட்டச் சொல்லலாம். நம் தொகுதி எம்.எல்.ஏ.க்களில் தனித்தொகுதியில் நின்று ஜெயித்தவர்களாவது சட்டமன்றத்தில் இதைக் கேட்கலாம். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது நாம் அவர்களிடம் கேட்கலாம்.

மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அரசு பொறியியல் கல்லூரிகளில் யார் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்ற விவரம் உதவித்தொகைக்காக ஏற்கெனவே பதிவில் இருக்கிறது. வேலைவாய்ப்புப் பிரிவிடம், எந்தக் கம்பெனி வந்தது, யாரை எடுத்தது, என்ன சம்பளம் என்ற விவரமும் இருக்கும். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு கம்பெனித் தேர்விலும் கலந்துகொண்டவர்கள், தேர்வானவர்கள், ஆண்டுச் சம்பளம் ஆகியவற்றை வகுப்புவாரியாகத் தரும்படி, பெயர்கள் இல்லாமல், கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், தமிழில் எழுதலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால் சான்றின் நகலை வைத்தால் அந்தக் கட்டணமும் இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மனு கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. "அப்படி ஒரு கணக்கு எங்களிடம் இல்லை" என்று பதில் வந்தால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். சட்டமன்றத்தில் கேள்வி கேட்க அதுவும் உதவும்.